அரசினர் கட்டடங்களும் ஏழையின் நாட்கூலியும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்க இலக்கியத்திலிருந்தோ சமய நூல்களிலிருந்தோ ஒரு பொருளை யான் எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். தமிழாசிரியனிடம் வேறு எதனை எதிர்பார்க்க முடியும்? ஆயினும் யான் எழுதத் துணிந்தது அரசினர் காரியாலயக் கட்டடங்களைப் பற்றியும், அவற்றுக்காக நாட்டு மக்கள் கொடுக்கும் விலையைப் பற்றியுமேயாம். "இலக்கணம் படிப்பிக்கும் உமக்குக் கட்டடக் கணக்கில் என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் வினவினார். எழுத்தெண்ணிப் படிக்கப் பழகியவனுக்குப் பொதுப்பணத்தை எண்ணிப் பார்க்கவும் உரிமை உண்டு என்பதே அவருக்கு யான் கூறிய விடை.

யான் பிறந்து வளர்ந்ததும் இன்று ஆசிரியப்பணி புரிவதும் மஸ்கெலியாவிலேயாகும். கட்டடங்களின் நிலையாமையை எம்மூரார்க்கு ஒருவர் வந்து உபதேசிக்க வேண்டியதில்லை. மஸ்கெலி ஓயாவை மறித்து எழுந்த மவுஸ்சாக்கலை அணை 1969 ஆம் ஆண்டில் நிறைவெய்தியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. மேட்டு நிலத்திற் புதிய நகரம் தோன்றியது. கடும் வறட்சி நேரும் ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்க, பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றினின்றும் தலைகாட்டும். அப்போது ஊரவர் திரண்டு சென்று பார்ப்பர். "இந்த வாசலிலேதான் எங்கள் தாத்தா தேங்காய் உடைத்தார்" என்று சொல்லுவோரைக் கண்டிருக்கிறேன். அக்கட்டடங்களைக் கட்ட எத்தனை ரூபா செலவாயிற்று என்று கேட்டவர் ஒருவரையேனும் யான் கண்டதில்லை. மக்கள் புழங்கிய கட்டடமே மக்கள் நெஞ்சில் நிற்கின்றது. கட்டடத்தின் மதிப்பு கல்லிலும் சுண்ணாம்பிலும் இல்லை. அது யாருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதிலேயே இருக்கின்றது.

இவ்வுண்மையை எனக்கு நன்கு விளக்கியவர் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்மணி. சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவன் ஒருவனுக்குத் தேசிய அடையாள அட்டை பெறவேண்டியிருந்தது. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை எழுதுவதற்கு அது வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், பாடசாலைப் பதிவேட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தன. மலையகத்தில் இது புதுமையன்று. அதனைத் திருத்துவதற்காக அவனுடைய தாயாருக்குத் துணையாக யானும் சென்றேன். முதல் நாள், அந்தப் பகுதி வாடகைக் கட்டடம் ஒன்றுக்கு மாறிவிட்டது என்றார்கள். அக்கட்டடத்தைத் தேடிப்பிடித்து இரண்டாம் மாடிக்கு ஏறியபோது, பழைய பதிவேடுகள் இன்னும் முந்திய இடத்திலேயே இருக்கின்றன என்றார்கள். மற்றொரு நாள் சென்றபோது பதிவேடு கிடைத்தது. ஆனால் ஒப்பமிட வேண்டிய அதிகாரி மற்றைக் கட்டடத்தில் இருந்தார். மூன்றாம் நாளே காரியம் முடிந்தது. உத்தியோகத்தர் எவரும் எம்மைக் கடிந்து பேசவில்லை. இயன்றவரை உதவினார்கள் என்றே சொல்லவேண்டும். கோளாறு மனிதரிடத்தில் இருக்கவில்லை. கட்டட ஒழுங்கிலேயே இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மையார் சொன்னார்: "சேர், ஆபீஸ ரெண்டா பிரிச்சுப்புட்டாங்க. நாங்க ரெண்டா பிரிஞ்சு போக முடியுங்களா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த மூன்று நாட்களும் அவருடைய பெயர் செக்ரோலில் விழவில்லை. 2021 ஆம் ஆண்டிலே பெரும் போராட்டத்தின் பின் ஆயிரம் ரூபாவாக உயர்ந்த நாட்கூலியில் மூவாயிரம் ரூபா போயிற்று. பஸ் கட்டணம் வேறு.

அன்று முதல் ஒரு கணக்கு என் மனத்தை விட்டு அகலவில்லை. அரசினர் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் மூவகைச் செலவு உண்டு. கட்டுவதற்கு அல்லது வாடகைக்கு எடுப்பதற்கு ஆகும் செலவு முதலாவது. பழுதுபார்த்துப் பேணுவதற்கு ஆகும் செலவு இரண்டாவது. அக்கட்டடத்தை நாடி வருவதற்குக் குடிமகன் தன் மடியிலிருந்து கொடுக்கும் செலவு மூன்றாவது. முதலாவது செலவு கணக்கேட்டில் ஏறுகின்றது. திறப்புவிழாக் கல்லிலும் சிலவேளை பொறிக்கப்படுகின்றது. இரண்டாவது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. மூன்றாவதோ எந்த ஏட்டிலும் ஏறுவதேயில்லை. மூன்றையும் ஒருங்கே எண்ணாத சிக்கனம் சிக்கனமாகாது என்பதே யான் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

முதலாவது செலவுக்கு நாடறிந்த எடுத்துக்காட்டு ஒன்று தலைநகரிலேயே உண்டு. 1982 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்குச் சென்றது. அரசினர் காரியாலயங்களையும் அதன் அயலிலே கூட்டி வைக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு பத்தரமுல்லையில் செத்சிரிபாய முதலிய பெருங்கட்டடங்கள் எழுந்தன. நோக்கம் நல்லதே. ஆயினும், பத்தரமுல்லையில் இருந்த விவசாய அமைச்சின் கட்டடத்தைப் பாராளுமன்றக் குழுக்களின் தேவைக்கு விடுவித்தபோது, அமைச்சுக்கென 2016 ஆம் ஆண்டில் இராஜகிரியவிலே தனியார் கட்டடம் ஒன்று ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. மாத வாடகை இரண்டு கோடி ரூபாவுக்கும் மேல். அமைச்சு உடனே அங்கே குடிபுகவில்லை. ஓராண்டுக்கும் மேலாக மாடங்கள் வெறுமையாய்க் கிடக்க, வாடகை மட்டும் மாதந்தவறாது சென்றது. பின்னர் அது பாராளுமன்றத்திலும் விசாரணை ஆணைக்குழுவிலும் பேசுபொருளாயிற்று.

கோடி என்னும் சொல் காதுக்குப் பழகிவிட்டது, கருத்துக்குப் பழகவில்லை. எனவே எம் தோட்டத்துக் கணக்கில் அதனை மாற்றிப் பார்ப்போம். அதே 2016 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒப்பமிடப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 500 ரூபா. ஆகவே ஆளில்லாத அந்த மாளிகையின் ஒரு மாத வாடகை 40,000 நாட்கூலிக்குச் சமமாகும். ஆண்டுக்கு 300 நாள் மலையேறும் ஒரு பெண்மணி அதனை ஈட்டுவதற்கு 130 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தல் வேண்டும். இது ஒரு மாத வாடகைக்கு மட்டும் உரிய கணக்கு என்பதை அன்பர்கள் நினைவில் இருத்துவார்களாக.

வாடகை கொடுப்பது என்றுமே பிழை என்று யான் கூறவில்லை. சில காலத்துக்கு மட்டும் வேண்டப்படும் காரியாலயத்துக்கு வாடகை வீடே மலிவு. நெடுங்காலம் நிலைக்கும் காரியாலயத்துக்குச் சொந்தக் கட்டடமே மலிவாகலாம். இந்தியப் பேரரசு புதுதில்லியிற் சிதறிக் கிடந்த தன் அமைச்சுகளை ஒருங்கு சேர்க்கும் பொருட்டுப் புதிய செயலகக் கட்டடங்களை எழுப்பிவருகின்றது. 2025 ஓகஸ்டில் அவற்றுள் முதலாவதைத் திறந்துவைத்த பிரதமர், வாடகையாக மட்டும் ஆண்டுதோறும் 1,500 கோடி இந்திய ரூபா சென்றுகொண்டிருந்தது என்றார். அத்துணை வாடகை செல்லுமாயின் சொந்தக் கட்டடம் என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. ஆனால் கட்டுதலிலும் ஓர் இடர் உண்டு. அதனைச் சென்னை காட்டும்.

சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைக்கும் தலைமைச் செயலகத்துக்குமெனக் கலைஞர் கருணாநிதி அவர்களின் ஆட்சி எழுப்பிய கட்டடம் 2010 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. 2011 மே மாதத்தில் ஆட்சி மாறியது. செல்வி ஜெயலலிதா அவர்களின் அரசு பழைய புனித ஜோர்ஜ் கோட்டைக்கே பேரவையை மீட்டுச் சென்றது. புதிய கட்டடம் திருத்தி அமைக்கப்பட்டு, 2014 பெப்ரவரியில் பல்துறை மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஏழை நோயாளர் நலம் பெறுகின்றனர், அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மருத்துவமனையே வேண்டுமாயின் முதலிலேயே மருத்துவமனையாகக் கட்டியிருக்கலாம். பேரவையே வேண்டுமாயின் பேரவையாகவே விட்டிருக்கலாம். ஒருவர் கட்டியதை மற்றவர் மாற்றும்போது செலவு இருமுறை விழுகின்றது. அதனைக் கொடுப்பவர் கட்டியவருமல்லர், மாற்றியவருமல்லர். வரி செலுத்தும் குடிமக்களே. ஆளுவோரின் பெயருக்காக எழும் கட்டடம் ஆளுவோர் மாறியவுடன் அநாதையாகின்றது. மக்களின் தேவைக்காக எழும் கட்டடத்தை எந்த ஆட்சியும் கைவிடத் துணியாது.

இனி எம் மலைநாட்டுக்கு வருவோம். இங்கே நோய் வேறு விதமானது. கொழும்பிலே கட்டடம் மிகுதி, பயன் குறைவு. மலையகத்திலோ நெடுங்காலமாகக் காரியாலயங்களே போதாமல் இருந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபைகளின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது; 2018 ஆம் ஆண்டிலேதான் அது திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவை என்னும் இரு பெரும் பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, நுவரெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை, அம்பகமுவை, நோர்வூட், மஸ்கெலியா என ஆறு சபைகளாயின. 2018 பெப்ரவரியில் அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளைப் பத்தாகப் பெருக்குவதற்கும் 2019 இல் முடிவாயிற்று. இவை மலையக மக்கள் பன்னெடுங்காலம் கேட்டுப் பெற்றவை. "சிக்கனம்" என்னும் பெயரால் இவற்றைக் குறைக்கவேண்டும் என்று எவரேனும் கூறுவாராயின் அதனை யான் ஒப்பேன். உண்டு கொழுத்தவனை நோன்பிருக்கச் சொல்லலாம். பசித்துக் கிடந்தவனுக்கு இலை போட்டவுடன் நோன்பின் பெருமையை எடுத்துரைத்தல் அறமன்று.

ஆனால் பெற்றதனை எவ்வாறு வைத்து நடத்துவது என்பதை நாமே சிந்தித்தல் வேண்டும். புதிய சபை ஒவ்வொன்றும், புதிய செயலகம் ஒவ்வொன்றும், அவற்றின் கிளை ஒவ்வொன்றும் தனித்தனி மனை தேடி, தனித்தனி மதில் கட்டி, தனித்தனிப் பெயர்ப்பலகை நாட்டுமாயின், மாணவனின் தாயார் இன்னும் மூன்று நாள் அலையவேண்டியிருக்கும். மலைநாட்டிலே நிலமும் எளிதில் வாய்ப்பதன்று. பெருநிலம் தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் உள்ளது. எஞ்சிய சரிவுகளிலோ மண்சரிவு அச்சம் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இன்றி அத்தகைய இடங்களில் அத்திவாரம் இடலாகாது. நல்ல நிலம் ஒன்று கிடைத்தால் அதனைப் பலரும் பகிர்ந்துகொள்வதே முறை. ஒரே வளவில், ஒரே கூரையின் கீழ், பஸ் தரிப்பிடத்துக்கு அண்மையில், பிரதேச சபையும் செயலகமும் பதிவாளரும் தபாற்கந்தோரும் இருக்குமாயின், மூன்று நாட்காரியம் ஒரு முற்பகலில் முடியும்.

தபாற்கந்தோர் என்றதும் நுவரெலியாவின் நினைவு வருகின்றது. 1894 ஆம் ஆண்டில் செங்கல்லாற் கட்டப்பட்ட அந்நகரத் தபாற்கந்தோரை அறியாதார் இலர். அதனைச் சுற்றுலா விடுதி அமைப்பதற்காக முதலீட்டாளரிடம் ஒப்படைக்க அரசு எண்ணியபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். அரசின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது: 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாடு, தன் சொத்துகளால் வருவாய் தேடுவது இயல்பே. ஆயினும் நிலத்தின் சந்தை விலையை மாத்திரம் நோக்கினால், நகர நடுவில் உள்ள ஒவ்வொரு பொதுக்கட்டடமும் விடுதியாகவே மாறவேண்டியிருக்கும். மக்கள் எளிதிற் சென்று சேரும் இடத்தில் இருப்பதாலேதான் அந்நிலம் விலைபோகின்றது; அதே காரணத்தாலேதான் அது பொதுக்கட்டடத்துக்கும் உகந்ததாகின்றது. அத்தகைய கட்டடத்தில் வெற்றறைகள் இருக்குமாயின், வாடகை வீட்டில் இருக்கும் வேறொரு காரியாலயத்தை அங்கே அழைத்து வருதலே முதலில் எண்ணத்தக்கது. விற்றல் இறுதியில் எண்ணத்தக்கது.

"இனிக் காரியாலயங்களே எதற்கு? எல்லாம் கணினி வழியாகவே நடக்குமே" என்பார் சிலர். 2022 ஜூனில் எரிபொருட் பஞ்சத்தின்போது அரசினர் ஊழியர் பலர் வீட்டிலிருந்தே பணிபுரிந்தனர். வெள்ளிக்கிழமைகளில் காரியாலயங்கள் மூடப்பட்டன. அரசு கவிழ்ந்துவிடவில்லையே என்று அவர்கள் கேட்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. கோப்புகளைப் பார்ப்பவர் எங்கிருந்தும் பார்க்கலாம். ஆகவே மேசைகளையும் அறைகளையும் குறைக்கலாம். ஆனால் படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கு, தமிழில் விளக்கம் கேட்க விரும்பும் தாய்க்கு, முன்னே அமர்ந்து பேசும் ஒரு மனிதர் வேண்டும். மேசைகளைக் குறையுங்கள், மக்களை எதிர்கொள்ளும் யன்னலைக் குறைக்காதீர்கள்.

செய்யத்தக்கன யாவை? பொறியியல் யான் கற்றதில்லை. கொட்டகலையிலே கலாசாலைப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியன் மட்டுமே. ஆயினும் வகுப்பறை ஒன்றை நடத்துபவனுக்குத் தோன்றும் சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது, இடாப்பு. நாள்தோறும் காலையில் மாணவர் வரவை யாம் குறிக்கின்றோம். அதுபோல மாவட்டம் ஒவ்வொன்றிலும் அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள் எத்தனை, வாடகைக் கட்டடங்கள் எத்தனை, வாடகை எவ்வளவு, வெற்றறைகள் எத்தனை என்னும் இடாப்பு ஆண்டுதோறும் எல்லோரும் அறிய வெளிவரல் வேண்டும். முன்னாள் சனாதிபதிகளுக்கு வழங்கப்பட்ட அரச இல்லங்களை மீளப்பெறுவதற்கு 2025 செப்டெம்பரில் சட்டம் இயற்ற முடிந்த நாட்டுக்கு, வெறும் அறைகளை எண்ணுதல் அரிய செயலாகாது. அவ்வாறு வெளிவராவிடின் நாமே கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கான உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் அளித்திருக்கின்றது.

இரண்டாவது, ஒரு வினா. புதிதாகக் கட்டுமுன்னும் வாடகைக்கு எடுக்குமுன்னும், "அயலிலுள்ள வேறு திணைக்களத்தில் இடம் இல்லையா?" என்ற வினாவுக்கு எழுத்தில் விடை பெறப்படல் வேண்டும். கணக்காய்வாளர் தலைமை அதிபதி அவ்விடையைப் பரிசோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, பராமரிப்பு. மஸ்கெலியாவின் மழையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பீலி ஒன்று அடைத்துக்கொண்டால் சுவர் ஊறும். சுவர் ஊறினால் சாந்து உதிரும். தகரம் துருப்பிடித்தால் அடுத்த மாரியில் பதிவேடுகள் நனையும். பீலியைத் துப்புரவாக்க ஒருநாட் கூலி போதும். அதனை ஒறுத்தவர் பின்னர் கூரை முழுவதையும் மாற்றுவர். வரவு சிறிதாயினும் செலவின் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது வள்ளுவர் கண்ட நெறி. செலவின் வழி அகலுவது பெரும்பாலும் கூரையிலுள்ள சிறு ஓட்டையிலிருந்தே என்பதை அனுபவம் காட்டுகின்றது.

நான்காவது, மூன்றாம் செலவையும் கணக்கில் ஏற்றுதல். ஒரு காரியாலயத்தை இடம்மாற்றும்போது, அதனை நாடுவோர் எத்தனை பஸ் ஏறவேண்டும், எத்தனை படி ஏறவேண்டும் என்று பார்த்தல் வேண்டும். மக்கள் வந்துபோகும் பகுதி நிலத்தளத்தில் இருக்கட்டும். கோப்புகள் மாடியில் இருக்கட்டும். கோப்புகளுக்கு முழங்கால் வலி இல்லை.

இறுதியாக, நம் கல்லூரிக்கு ஒரு சொல். பிறர் வீட்டுக் கணக்கை எழுதியவன் தன் வீட்டுக் கணக்கை மறைத்தல் தகாது. யூபிலி என்றால் நினைவுக் கட்டடம் ஒன்று எழுப்பவேண்டும் என்னும் ஆசை நம்மவர்க்கு எழுவது இயல்பு. தோரணவாயிலொன்றும் புதிய மண்டபமொன்றும் கட்டவேண்டும் என்று பழைய மாணவர் சிலர் பேசக் கேட்டேன். அவர்களுடைய அன்பை யான் போற்றுகின்றேன். ஆனால் நாம் படித்த வகுப்பறைகளின் கூரையைச் சென்று பார்த்தோமா? மலசலகூடங்களின் கதவுகளைப் பார்த்தோமா? மழைநாளில் எந்த மூலையில் மாணவர் மேசையை நகர்த்துகின்றனர் என்று கேட்டோமா? இருக்கும் கட்டடங்களை ஆண்டுதோறும் பேணுவதற்கென ஒரு நிலையான நிதியை நிறுவுவோமாயின், அதற்குத் திறப்புவிழாக் கல் இராது. நம் பெயர் எங்கும் பொறிக்கப்படாது. ஆனால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் நனையாமல் இருந்து படிப்பார்கள்.

அரசிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கை முதலில் நம் முற்றத்தில் நிலைநாட்டுவோம். பின்னர் அரசை நோக்கி நிமிர்ந்து கேட்கலாம். அந்த அம்மையாரின் மகன் அடையாள அட்டை பெற்றான், பரீட்சையும் எழுதினான். அவன் தாயார் இழந்த மூன்று நாட்கூலியை எந்தத் திணைக்களமும் கணக்கில் ஏற்றவில்லை. அதனை இம்மலரிலேனும் பதிந்து வைப்பது ஓர் ஆசிரியனின் கடன் என்று கருதியே இக்கட்டுரையை எழுதினேன்.